டெதர் கட் ஆனால், திரை இருண்டால், கசவு பச்சையடித்தால்: ஸ்டுடியோ பிரிவ்யூவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஓணத்துக்கு முந்தைய இரண்டு மாதமும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஸ்டுடியோக்களில் கசவுப் புடவை (கசவு என்னும் பொன் ஜரிகைக் கரை போட்ட கேரளப் புடவை) கேட்டலாக் வேலைதான் நடக்கும். கேமராவிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள், இந்த இணைப்பைத்தான் டெதர் என்கிறோம். லேப்டாப்பில் விழும் படம் வைஃபை வழியாக ஸ்டைலிஸ்ட் கையிலிருக்கும் ஐபேடுக்குப் போகும், லிங்க் வழியாகத் திருச்சூரில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடை முதலாளிக்கும் போகும். எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்து 'இது போதும், அடுத்த புடவை' என்று சொன்னால்தான் வேலை நகரும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மாடல், மேக்கப், லைட் பிடிக்கிற தம்பி எல்லோரும் சும்மா நிற்பார்கள், நாள் சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கோளாறுகளுக்காகவே அடிக்கடி கூப்பிடப்படுகிறவன் நான். எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று வரிசையாக எழுதுகிறேன். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் கடிக்கிறது கடைசியில் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிள், சாஃப்ட்வேர், செட்டிங் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த வாரம் அதே இடத்தில் திரும்பவும் நிற்பீர்கள்.

## கேமரா லேப்டாப்பில் தெரியவே இல்லை

கேமராவை ஆஃப் செய்யுங்கள். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மறுபடி செருகுங்கள். கேமராவை ஆன் செய்துவிட்டு, கடைசியாக படத்தை வாங்கும் சாஃப்ட்வேரை (கேப்சர் ஒன், லைட்ரூம் மாதிரி) திறங்கள். நிறைய கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

செருகும்போது விண்டோஸில் 'டிங்' சத்தமே வரவில்லை

கேபிளையோ போர்ட்டையோதான் சந்தேகப்பட வேண்டும். போனுடன் வந்த டைப்-சி கேபிளைப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அவற்றில் சில சார்ஜுக்கு மட்டுமே ஆனவை, பல யுஎஸ்பி 2 வேகத்தைத் தாண்டாதவை. கேமராவில் இரண்டு துளை இருந்தால் சரியான துளையா என்று பாருங்கள். நிக்கான் இசட்8-ல் இரண்டு டைப்-சி உண்டு, ஒன்று சார்ஜுக்கு, மற்றது டேட்டாவுக்கு. சோனி ஏ7 III-ல் மைக்ரோ துளையும் டைப்-சியும் இருக்கும், வேகம் டைப்-சியில்தான். கேனான் 5டி மார்க் IV, நிக்கான் டி850 மாதிரி அகலமான மைக்ரோ-பி துளை உள்ளவற்றில் முனை உள்ளே போன மாதிரி தெரியும், ஆனால் கொஞ்சம் வெளியிலேயே நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்து, நேராகப் பிடித்து, முழுதாக அழுத்துங்கள். துளைக்குள் பஞ்சு சேர்ந்திருந்தால் ஊது குமிழால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் உள்ளே போகும். ஊசி வைத்துக் குடைய வேண்டாம்.

சத்தம் வருகிறது, சாஃப்ட்வேரில் மட்டும் கேமராவைக் காணோம்

கேமரா மெனுவைத் திறங்கள். பல கேனான் மாடல்களில் வைஃபை ஆன் ஆகியிருந்தால் யுஎஸ்பி வேலை செய்யாது. முந்தின நாள் போனுக்குப் படம் அனுப்பியவர் அதை அணைக்காமல் விட்டிருப்பார். சோனியில் யுஎஸ்பி இணைப்பு 'பிசி ரிமோட்' என்று இருக்கவேண்டும். ஃபியூஜியில் 'யுஎஸ்பி டெதர் ஷூட்டிங்' என்று இருக்கவேண்டும், கார்டு ரீடர் என்று இருந்தால் ஆகாது.

அடுத்தது போட்டி. ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேர்தான் கேமராவைப் பிடிக்க முடியும். திரையின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கேனானின் இஓஎஸ் யுடிலிட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, மேக்கில் ஃபோட்டோஸ் தானாகத் திறந்துகொண்டதா, டிராப்பாக்ஸ் கேமராவைப் பார்த்ததும் 'படங்களை ஏற்றவா' என்று கேட்டதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மூடுங்கள்.

அப்படியும் வராவிட்டால் கேமரா கம்பெனியின் சொந்த இலவச சாஃப்ட்வேரில் சோதியுங்கள். கேனானுக்கு இஓஎஸ் யுடிலிட்டி, நிக்கானுக்கு என்எக்ஸ் டெதர், சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். அதில் படம் வந்தால் கேமராவும் கேபிளும் நலம், உங்கள் கேப்சர் ஒன் அல்லது லைட்ரூம் பதிப்புக்கு அந்த மாடல் தெரியவில்லை என்று அர்த்தம். புது பாடி வாங்கிவிட்டுப் பழைய பதிப்பிலேயே ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். லைட்ரூமை அழித்துவிட்டு மறுபடி போடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், அரை நாள் மிஞ்சும்.

சர்வீஸுக்கு எப்போது: வேறு கேபிள், வேறு லேப்டாப், கம்பெனி சாஃப்ட்வேர் மூன்றிலும் வரவில்லை என்றால் கேமராவின் போர்ட் போய்விட்டது. கோவைக்கோ கொச்சிக்கோ அங்கீகாரம் பெற்ற சென்டருக்கு அனுப்புங்கள். பக்கத்து மொபைல் கடையில் சால்டர் வைக்கக் கொடுக்காதீர்கள், போர்டு சேர்ந்து போனால் செலவு பல மடங்காகும்.

## ஷூட் நடுவில் கட் ஆகிறது

'அடிக்கடி கட் ஆகுது' என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. எப்போது கட் ஆகிறது என்று ஒரு மணி நேரம் கவனித்தால் பதில் பாதி கையில் இருக்கும்.

புடவை மாற்றும் இடைவெளிக்கு அப்புறம்: கேமரா தூங்கிவிட்டது. ஆட்டோ பவர் ஆஃபை நிறுத்துங்கள். கேமரா விழித்திருந்தும் கட் ஆனால் லேப்டாப்தான் போர்ட்டை அணைக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், யுஎஸ்பி ரூட் ஹப், பவர் மேனேஜ்மென்ட் என்று போய், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். பவர் பிளானில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் இதை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேமராவைத் தூக்கும்போது, செங்குத்தாக எடுக்கத் திருப்பும்போது: லூசு கான்டாக்ட். கேபிளை முனையில் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கேபிளை மாற்றியும் அதேபோல் கட் ஆனால் துளை தளர்ந்திருக்கிறது. இதை வரவிடாமல் தடுப்பது மலிவு. கேபிளை டிரைபாடு பிளேட்டிலோ ஸ்ட்ராப் வளையத்திலோ ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள், யாராவது கால் தடுக்கினால் இழுப்பு துளைக்குப் போகாமல் கட்டோடு நின்றுவிடும். தரையில் கறுப்புக் கேபிள் போடாதீர்கள். ஆரஞ்சு கேபிள் விலை அதிகம்தான், கண்ணுக்குத் தெரிவதற்காகவே கொடுக்கலாம்.

பிளாஷ் அடிக்கும் அதே நொடியில்: லேப்டாப் சார்ஜரும் ஸ்டுடியோ லைட்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். லைட் மறுபடி சார்ஜ் ஆகும்போது இழுக்கும் கரன்டில் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். லேப்டாப் தாங்கிக்கொள்ளும், பவர் கொடுத்து ஓட்டும் ஹப் தாங்காது, கேமரா இணைப்பு விழும். லைட்டை வேறு சுவர் பிளக்குக்கு மாற்றுங்கள். லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கேபிளை லைட்டின் பவர் கார்டோடு சேர்த்து ஓட்டாதீர்கள். முனையில் ஃபெரைட் குண்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் தடித்த உருளை) உள்ள கேபிளாக இருந்தால் நல்லது.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? இரண்டு பின் சார்ஜரை விட்டுவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள். மூன்று பின் போட்டும் சுருசுருத்தால் சுவர் பிளக்கில் எர்த் இல்லை. அன்றைக்கு ஷூட்டை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் மட்டும் 'பார்த்துக்கலாம்' வேண்டாம், மாடல் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது.

எந்த ஒழுங்கும் இல்லாமல்: கேபிள் நீளத்தை அளந்து பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 3 கேபிள் 3 மீட்டர் வரைதான் நம்பிக்கையாக ஓடும், யுஎஸ்பி 2 என்றால் 5 மீட்டர். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். இரண்டு சாதாரண கேபிளை இணைத்து நீட்டினால் காலையில் ஓடும், மதியம் விழும். ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கேமரா பேட்டரி கடைசிக் கோட்டில் இருக்கும்போதும் இப்படி ஆகும். நாள் முழுக்க டெதர் என்றால் பேட்டரி அறையில் போடும் கரன்ட் அடாப்டர் வாங்குவது லாபம்.

ஆடிக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கம்பிகளை ஆட்டும் மாதங்களும் ஓணம் கேட்டலாக் மாதங்களும் ஒன்றுதான். லைட் கண் சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் ரூட்டரும் வெளி மானிட்டரும் மறுபடி பூட் ஆகும். ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டால் இந்தத் தலைவலி போய்விடும். ஸ்டுடியோ பிளாஷை வீட்டு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், அதற்கு ப்யூர் சைன் வேவ் வேண்டும்.

## படம் வருகிறது, ஆனால் ரொம்ப நேரம் எடுக்கிறது

50 எம்பி ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் தரும் அசல் கோப்பு) யுஎஸ்பி 2 வழியாக வந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொடிக்கு மேல் ஆகும், தொடர்ந்து எடுத்தால் வரிசையில் நிற்கும். அதனால் முதலில் கேபிளும் துளையும் யுஎஸ்பி 3-தானா என்று பாருங்கள். அப்புறம் செஷன் ஃபோல்டர் (அன்றைய ஷூட் படங்கள் விழும் ஃபோல்டர்) ஒன்டிரைவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் ஃபோல்டர் போடுகிற பழக்கம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஒவ்வொரு ராவும் மேகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். டிஸ்கில் இடம் குறைந்திருந்தாலும், பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் இதே அறிகுறிதான். லேப்டாப்பை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது கடைசி, ஆனால் உருப்படியான செலவு.

## லைவ் வியூ கும்மிருட்டு, எடுத்த படம் மட்டும் சரி

லைவ் வியூ என்றால் எடுக்குமுன்பே கேமரா பார்ப்பதைத் திரையில் காட்டுவது. இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம். பிளாஷுக்காக 1/125, எஃப்8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்திருப்பீர்கள். அறை வெளிச்சத்தில் அந்த செட்டிங் எப்படி இருக்குமோ அதைத்தான் கேமரா காட்டுகிறது. கேனானில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்' ஆஃப். சோனியில் லைவ் வியூ டிஸ்பிளேவில் 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்'. ஃபியூஜியில் மேனுவல் மோடுக்கான எக்ஸ்போஷர் பிரிவ்யூ ஆஃப். வெளிப்புற ஷூட்டுக்குப் போகும்போது மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள்.

## ஸ்டுடியோவுக்குள்ளேயே ஐபேடில் வரவில்லை

லேப்டாப்பும் ஐபேடும் ஒரே வைஃபை பெயரில்தான் இருக்கின்றனவா? விருந்தினர் நெட்வொர்க்கில் ஒன்று மாட்டியிருந்தால் ஒன்றையொன்று பார்க்காது, ரூட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' ஆன் ஆகியிருந்தாலும் அப்படித்தான். விண்டோஸில் அந்த வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். ஐபேட் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி இருக்கிறதா பாருங்கள். முதல் தடவை கேட்டபோது அவசரத்தில் யாராவது 'வேண்டாம்' அழுத்தியிருப்பார்கள்.

டிவியில் எச்டிஎம்ஐ வழியாகக் காட்டினால் படத்தின் ஓரம் வெட்டுப்படும். புடவை முந்தானையின் கரை தெரியவில்லை என்று வாடிக்கையாளர் கவலைப்படுவார். டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' போடுங்கள், கரை வந்துவிடும்.

## தூரத்தில் இருப்பவருக்கு லிங்க் திறக்கவில்லை, பாதியில் நிற்கிறது

கேப்சர் ஒன் லைவ் போன்றவை பிரௌசரில் திறக்கும் லிங்க் கொடுக்கும். பார்ப்பவர் அதிலேயே நட்சத்திரம் போடலாம், கலர் டேக் போடலாம். லைட்ரூமில் கலெக்‌ஷனை சிங்க் செய்து லிங்க் அனுப்பலாம், அங்கே போவது நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள ஸ்மார்ட் பிரிவ்யூதான். இரண்டுக்கும் வேண்டியது நல்ல அப்லோட். ஸ்பீட் டெஸ்ட் பார்க்கும்போது பெரிய எண்ணாக வரும் டவுன்லோடை விட்டுவிட்டு அப்லோடைப் பாருங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று மாநில எல்லை ஓரத்தில் போன் ஒரு நிமிடம் கேரள டவரைப் பிடிக்கும், அடுத்த நிமிடம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். டேட்டா ரோமிங் ஆஃப் ஆகியிருந்தால் சில போன்களில் டவர் மாறியதும் நெட் நின்றுவிடும், சிக்னல் கோடு மட்டும் முழுதாக இருக்கும். ரோமிங்கை ஆன் செய்யுங்கள், போனை ஜன்னல் பக்கம் ஒரே இடத்தில் வையுங்கள். நாள் முழுக்க லிங்க் ஓட வேண்டுமென்றால் ஃபைபர் இணைப்புதான் நிம்மதி.

நெட் நன்றாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் திறக்காவிட்டால், வாட்ஸ்அப்புக்குள் திறக்காமல் லிங்கை நகலெடுத்துக் குரோமில் ஒட்டச் சொல்லுங்கள்.

## நிறம் ஆளுக்கு ஒன்றாகத் தெரிகிறது

அதிகம் சண்டை வருவது இதில்தான். 'தம்பி, கசவு ஏன் பச்சையடிக்குது?' என்று திருச்சூரிலிருந்து போன் வரும். இங்கே மானிட்டரில் பொன்னாகத்தான் இருக்கும்.

படம் வந்ததும் நன்றாக இருந்து, ஒரு நொடியில் மாறினால் கோளாறு ஏதும் இல்லை. முதலில் தெரிவது ராவுக்குள் கேமரா வைத்திருக்கும் ஜேபெக். அப்புறம் சாஃப்ட்வேர் ராவைத் தன் புரொஃபைலில் வரைந்து காட்டுகிறது. வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 'முன்னாடி வந்ததுதான் நல்லா இருந்துச்சு' என்று நாள் முழுக்கச் சொல்வார்.

ஐபேடில் மட்டும் மஞ்சளாக இருந்தால் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணையுங்கள். போனில் மட்டும் பளீரென்று இருந்தால் டிஸ்பிளே 'விவிட்' மோடில் இருக்கிறது, 'நேச்சுரல்' ஆக்கச் சொல்லுங்கள். அனுப்பிய படம் எல்லோருக்கும் சோர்வாக இருந்தால் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் ஏற்றுமதி ஆகியிருக்கும், எல்லாத் திரைக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

எல்லாத் திரையிலும் பச்சை என்றால் படத்திலேயே பச்சை இருக்கிறது. துணி பச்சை இல்லையே என்பீர்கள். ஜரிகை உலோகப் பளபளப்பு உள்ளது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். ஸ்டுடியோ ஜன்னலுக்கு வெளியே வயலோ தென்னையோ இருந்தால் கரையின் மடிப்பில் அந்தப் பச்சை ஒரு கோடாக விழும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சை ஜரிகையில் மட்டும் இருந்து பருத்திப் பகுதியில் இல்லாவிட்டால் பிரதிபலிப்பு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள், பச்சைச் சட்டை போட்ட உதவியாளரைக் கேமராவுக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பருத்தியிலும் சேர்ந்து பச்சை இருந்தால் சீலிங் டியூப் லைட் பிளாஷோடு கலக்கிறது, அதை அணையுங்கள்.

இதற்கப்புறம் ஒவ்வொரு லைட் அமைப்புக்கும் முதல் ஃபிரேமில் கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்து எடுத்து, அதில் வொய்ட் பேலன்ஸ் கிளிக் செய்யுங்கள். கசவுப் புடவையின் வெள்ளை காகித வெள்ளை கிடையாது, பழுப்பேறிய பால் நிறம். அந்த இடத்துக்கு சாஃப்ட்வேர் காட்டும் சிவப்பு, பச்சை, நீல எண்களில் சிவப்பு எண் கொஞ்சம் அதிகமாகவும் நீல எண் கொஞ்சம் குறைவாகவும் இருக்கவேண்டும். மூன்றும் சமமாக இருந்தால் துணியிலேயே வொய்ட் பேலன்ஸ் கிளிக் ஆகிவிட்டது. மூன்றும் 255-ஐ முட்டினால் நெசவே தெரியாது, லைட்டைக் குறையுங்கள்.

மானிட்டரையே சந்தேகப்பட்டால் லேப்டாப் விவரத்தில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகைத் திரை எஸ்ஆர்ஜிபியைக்கூட முழுதாகக் காட்டாது, எவ்வளவு கேலிபரேட் செய்தாலும் (கருவி வைத்து நிறத்தை அளந்து சரிசெய்தாலும்) கசவின் மஞ்சள் வராது. வெளி மானிட்டர் ஒன்று வாங்கி, 6500 கெல்வின், காமா 2.2, 100 முதல் 120 நிட் வெளிச்சத்துக்குக் கேலிபரேட் செய்யுங்கள். கருவியை விலைக்கு வாங்காமல் நாலு ஸ்டுடியோ சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பெரிய கேட்டலாக் அச்சுக்குப் போகிறது என்றால் அச்சகத்து ஆளை ஒரு நாள் வரச்சொல்லி புரூஃப் (மாதிரி அச்சு) பார்ப்பது செலவானாலும் சரியானது.

என் கறாரான கருத்து ஒன்று: நிறத்தைத் தீர்மானிப்பது கேலிபரேட் செய்த அந்த ஒரு மானிட்டர் மட்டும். ஐபேடும் போனும் போஸ், மடிப்பு, முகபாவம் பார்க்க. இதை ஷூட் தொடங்குமுன் கடை முதலாளியிடம் ஒப்புக்கொள்ள வையுங்கள். அவர் விடவில்லை என்றால் ஒரு புடவையைக் கையோடு வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், திரையோடு சண்டை போடுவதைத் துணியோடு போடட்டும்.

## டெதர் போட்டால் மட்டும் பிளாஷ் ட்ரிக்கர் தவறுகிறது

யுஎஸ்பி 3 கேபிளும் ஹப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பிளாஷை வயர் இல்லாமல் அடிக்க வைக்கும் கோடாக்ஸ் எக்ஸ் வகை ட்ரிக்கர்கள், வயர்லெஸ் மவுஸ், பழைய வைஃபை எல்லாம் அதே 2.4-ல்தான் பேசுகின்றன. ட்ரிக்கரின் சேனலை மாற்றுங்கள். கேபிள் முனை ட்ரிக்கரை ஒட்டிப் போகாமல் கீழே தள்ளிக் கட்டுங்கள். ஸ்டுடியோ வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நன்றாகக் கவசமிட்ட கேபிளுக்கு மாறினாலும் குறையும். ஒன்றுக்கும் மசியாவிட்டால் பிளாஷை சிங்க் கார்டில் (கேமராவையும் பிளாஷையும் நேராக இணைக்கும் வயர்) ஓட்டிப் பாருங்கள். அதிலும் தவறினால் கோளாறு டெதரில் இல்லை, லைட்டை அதன் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## எடுத்த படம் எங்கே போனது என்று தெரியவில்லை

பதறி எதையும் அழிக்காதீர்கள். பெரும்பாலும் நேற்றைய செஷனின் ஃபோல்டரில் விழுந்திருக்கும், ராவின் நீட்டிப்பை வைத்து டிஸ்க் முழுக்கத் தேடினால் கிடைக்கும். இனிமேல் கம்ப்யூட்டர், கார்டு இரண்டிலும் எழுதும்படி வையுங்கள். பல கேனான், சோனி மாடல்களில் அந்த வசதி உண்டு. கேபிள் பாதியில் அறுந்தாலும் கார்டில் படம் இருக்கும். கார்டில் எழுதாமல் கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுப்புகிற பழக்கம் திருமண ஆல்பத்துக்கு வேண்டவே வேண்டாம், புடவையைத் திரும்ப எடுக்கலாம், கல்யாணத்தை எடுக்க முடியாது.

கம்ப்யூட்டரில் கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை, பாதி சாம்பலாக இருக்கிறது என்றால் கேமராவில் உள்ள கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். கார்டு ரீடரில் இன்னொரு கம்ப்யூட்டரில் நகலெடுத்துப் பாருங்கள். நகல் சரியாக இருந்தால் டெதர் கேபிளைக் குப்பையில் போடுங்கள். நகலும் பாழ் என்றால் கார்டை ஃபார்மட் செய்யாமல் டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள், அதுவரை ஷூட்டை வேறு கார்டில் தொடருங்கள்.